அடுத்த மூன்று மாதமும் அடுத்த பத்து ஆண்டும்: சபைத் தலைமை கேள்வி–பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் தரிசனம் (சபை எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இலக்கு), திட்டம், பொறுப்புக் கைமாற்றம் பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: எங்கள் சபையில் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் போதகர் அந்த ஆண்டின் தரிசனத்தை அறிவிப்பார். ஃப்ளெக்ஸும் வைப்போம். மார்ச் வந்தால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. குறுகிய காலத் தரிசனம், நீண்ட காலத் தரிசனம் என்று இரண்டு எழுத வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, எப்படி எழுதுவது? (பாலக்கோடு)

பதில்: எருசலேமின் அலங்கத்தை (மதிலை) நெகேமியா 52 நாளில் கட்டி முடித்ததை (நெகேமியா 6:15) எல்லோரும் பிரசங்கிக்கிறோம். அவர் 12 ஆண்டு அங்கே அதிபதியாக இருந்ததை (5:14) அவ்வளவாகச் சொல்வதில்லை. 13-ஆம் அதிகாரத்துக்குப் போவது இன்னும் அபூர்வம். ராஜாவிடம் போய்விட்டு அவர் திரும்பி வந்து பார்த்தால், அந்த வேலையை எதிர்த்த தொபியாவுக்கு ஆலயத்திலேயே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆலயப் பணி செய்யும் லேவியர்கள் தங்கள் பங்கு கிடைக்காமல் பிழைப்பைத் தேடி வயலுக்கு ஓடிப்போயிருக்கிறார்கள். கட்டிய அலங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த ஜனங்கள்தான் பழைய நிலைக்குப் போயிருந்தார்கள்.

குறுகிய காலத் தரிசனம் அந்த 52 நாள் வேலை மாதிரி. முடிந்ததா என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிய வேண்டும். நீண்ட காலத் தரிசனம் ஆட்களைப் பற்றியது. பத்து ஆண்டு கழித்து இந்தச் சபையில் யார் பிரசங்கிப்பார், யார் கணக்குப் பார்ப்பார், சுற்றுக் கிராமங்களில் எங்கே ஜெபக்குழு இருக்கும், இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்போது விசுவாசத்தில் நிற்குமா என்பதே அதன் கேள்விகள். கட்டிடம், கன்வென்ஷன், மைக் செட் எல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை. உங்கள் ஃப்ளெக்ஸில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது வகையாக இருக்கும்: ஒரு வாக்குத்தத்த வசனம், ஒரு சூரிய உதயப் படம். வசனத்தைக் குறை சொல்லவில்லை. அதைத் திட்டம் என்று எண்ணிக்கொள்வதுதான் சிக்கல்.

எழுத உட்காரும் முன் பதிவேடுகளை எடுங்கள். கடந்த ஐந்து ஆண்டின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், ஞாயிறு பள்ளி வருகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு, தொடர்ந்து நான்கு சாதாரண ஞாயிறுகளில் வருகையை எண்ணுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்கள் வேண்டாம். குழந்தைகள், 13 முதல் 25 வயது வரை, 26 முதல் 50 வரை, அதற்கு மேல் என்று நான்கு கட்டமாக எண்ணினால் பல சபைகளில் இரண்டாவது கட்டம் காலியாக இருப்பது தெரியும். அவர்கள் பின்வாங்கிப் போனவர்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். நம் மாவட்டங்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டிட வேலையிலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, கல்லூரி விடுதியிலோ இருப்பார்கள். எங்கே போனார்கள், அங்கே எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். இது தெரியாமல் எழுதும் தரிசனம் ஊரில் இல்லாதவர்களை நம்பி எழுதியதாகிவிடும்.

அடுத்தது, பத்து ஆண்டில் உண்மையாகியிருக்க வேண்டியவை என்று நான்கைந்து வரி. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டில் எது நடந்திருந்தால் சரியான வழியில் போகிறோம் என்று சொல்லலாம்? அதை எழுதிய பிறகுதான் 90 நாள் வேலைக்கு வர வேண்டும். பத்து ஆண்டில் சபைக்குள்ளிருந்தே ஐந்து பிரசங்கிகள் வேண்டும் என்பது நீண்ட காலம் என்றால், முதல் ஆண்டில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஆராதனையில் வேதபாடம் வாசிக்க வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் மாதம் ஒருமுறை வீட்டுக்கூட்டத்தில் பத்து நிமிடச் செய்தி. மூன்றாம் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு பிரசங்கம், முன்கூட்டியே போதகரிடம் எழுதிக் காட்டி. இதில் முதல் 90 நாளுக்கான வேலை மூன்று பெயர்களும் ஒரு வாசிப்புப் பட்டியலும்தான். சின்னதாகத் தெரியும். சின்னதாக இருப்பதால்தான் நடக்கும்.

90 நாளுக்கு மூன்று வேலைக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தொகை. அந்தப் பெயர் மூன்றிலும் போதகரின் பெயராகவே இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். மாதாந்திரக் கமிட்டியில் முதல் இருபது நிமிடம் இதற்கு மட்டும். கடைசியில் வைத்தால் டீ வந்துவிடும், பேச்சு மாறிவிடும்.

இன்னொன்று, மாதத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். ஜனவரி முதல் தேதி நகரத்துச் சபைகளுக்கு வசதியாக இருக்கலாம். இங்கே பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போன பிறகுதான் சபையின் உண்மையான எண்ணிக்கை தெரியும். அதனால் ஜனவரி கடைசி வாரத்தில் தொடங்குங்கள். மாம்பழச் சீசனில் தோப்புக் காவல், அறுவடை, கூழ் தொழிற்சாலை வேலை என்று கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு)ப் பெரியவர்களை நம்பாமல், விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளை ஏப்ரலிலேயே தயார் செய்யுங்கள். ஜூலை முதல் நவம்பர் வரைதான் உங்கள் பெரிய வேலைக்காலம். டிசம்பரில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் சபை ஓசூரில் இருக்கிறது. பெரும்பாலோர் கம்பெனி வேலைக்கு வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள். பொறுப்பில் வைத்துப் பழக்கினால் இரண்டு மூன்று ஆண்டில் மாறிப்போகிறார்கள். இங்கே நீண்ட காலத் திட்டம் சாத்தியமா? (ஓசூர்)

பதில்: சாத்தியம், ஆனால் அதன் வடிவம் வேறு. 1970-களில் சிப்காட் வந்தது முதலே ஓசூர் வந்து போகிறவர்களின் ஊர். "இவர்களை எப்படித் தக்கவைப்பது" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஆண்டுதோறும் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். இங்கே இருக்கும் 24 மாதத்தில் ஒருவருக்கு எதைக் கொடுத்து அனுப்புவது என்று கேளுங்கள். 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர், மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை இருக்கிறது. நான்கு பேரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை.

பயிற்சியை 18 மாதத்துக்குள் முடியும்படி அமையுங்கள். முதல் ஆறு மாதம் வேதத்தை ஒழுங்காக வாசிக்கவும் ஜெபக்குழுவில் பங்கெடுக்கவும். அடுத்த ஆறு மாதம் ஒரு மூத்தவரோடு சேர்ந்து வீட்டுக்கூட்டம் நடத்தவும். கடைசி ஆறு மாதம் தனியாக நடத்தி, தனக்கு அடுத்து ஒருவரைப் பழக்கவும். எந்தப் பொறுப்பிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும். சாவி, கணக்கு நோட்டு, வாட்ஸ்அப் குழு எதுவும் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. மாறிப்போகிறவருக்குச் சபைக் கடிதம் கொடுப்பதோடு, போகிற ஊரில் ஒரு போதகரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து விசாரியுங்கள்.

ஷிஃப்டை மறந்துவிட்டுத் திட்டம் போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எல்லோருக்கும் ஞாயிறு வார விடுமுறை இல்லை. ஒரே வீட்டுக்கூட்டத்தை வெள்ளி மாலை 7 மணிக்கு வைத்தால் அந்த வாரம் இரண்டாம் ஷிஃப்டில் இருப்பவர் வரவே முடியாது. குழுக்களைத் தெருவைப் பார்த்துப் பிரிக்காமல் ஷிஃப்டைப் பார்த்துப் பிரித்துப் பாருங்கள். மொழியையும் கவனிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமம் சரளமாக வராது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்தோடு வாசிப்புக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால், பத்து ஆண்டு கழித்து உங்கள் ஆராதனையை நடத்த ஆள் இருக்கும்.

வந்து போகிறவர்கள் நடுவே ஓசூரிலேயே வீடு கட்டிக் குடியேறிய ஐந்தாறு குடும்பங்கள் இருக்கும். கணக்கும் பதிவேடும் அவர்களிடம் இருக்கட்டும். ஆனால் மேடை முழுவதும் அவர்களிடமே போய்விட்டால் வாடகை வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளாகவே நின்றுவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் சபைக்கு 40 குடும்பம். இன்னும் வாடகைக் கட்டிடம்தான். சொந்த ஆலயம்தான் எங்கள் ஐந்தாண்டுத் தரிசனம். நிலம் பார்த்திருக்கிறோம். கடன் வாங்கியாவது தொடங்கிவிடலாம், தேவன் முடிப்பார் என்கிறார்கள் சிலர். (ஊத்தங்கரை)

பதில்: கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னதும் அதே தேவன்தான் (லூக்கா 14:28). உட்கார்ந்து பார்ப்போம்.

30-க்கு 40 அடி மண்டபம் 1,200 சதுர அடி. மேடைக்கு 150 போக 1,050. பாயில் உட்கார ஒருவருக்கு 8 சதுர அடி என்றால் சுமார் 130 பேர். நாற்காலி போட்டால் 100 பேருக்குச் சற்று மேல். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம் (உங்கள் மேஸ்திரியிடம் இன்றைய விலையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்). மாதக் காணிக்கை 45,000 என்றும், போதகர் ஊதியம் 18,000, வாடகை 6,000, மின்சாரம் முதலியவை 3,000, ஏழைகளுக்கு 4,000, ஞாயிறு பள்ளிக்கு 2,000 என்றும் கொள்வோம். மிச்சம் 12,000.

இப்போது பத்து லட்சத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 20,000. அசல் ஒரு பைசா குறையாது. மாதம் 8,000 துண்டு விழும். அந்தத் துண்டு எங்கே போய் விழும் தெரியுமா? முதலில் ஞாயிறு பள்ளி, அடுத்து ஏழைகளின் பங்கு, பிறகு போதகர் ஊதியம். நெகேமியா காலத்து லேவியர்கள் வயலுக்கு ஓடியதும் இதே காரணத்தால்தான். கட்டிடம் என்ற குறுகிய கால வேலை நீண்ட கால ஆட்களைத் தின்னும் வழி இது.

கடனில்லாத வழியையும் கணக்கிடலாம். 40 குடும்பமும் மாதம் 500 ரூபாய் தருவதாகப் பொருத்தனை செய்தால் 20,000. பொருத்தனையில் 70 சதவீதம்தான் வந்துசேரும் என்று எண்ணி 14,000 வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மிச்சம் 12,000 சேர்த்தால் மாதம் 26,000, நான்கு ஆண்டில் 12 லட்சத்து 48 ஆயிரம். அதாவது பாதிக்குச் சற்று மேல். பாதி கையில் வந்தபிறகு கடைக்கால் தோண்டுவது நல்ல விதி. பல ஆலயங்கள் லிண்டல் மட்டத்தில் நின்றுபோவதற்குக் காரணம், கூரைக்கு ஆகும் பணத்தைக் குறைவாக மதிப்பிடுவது. நடுவில் தூண் இல்லாமல் 30 அடி அகலத்துக்குக் கான்கிரீட் போட ஆழமான பீம்கள் வேண்டும், செலவு ஏறும். இரும்பு டிரஸ் போட்டு ஷீட் வேய்ந்தால் சீக்கிரம் முடியும், மழை இரைச்சல் மட்டும் கேட்கும். வேலை நின்றுபோனால் தூண் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் பொறியாளரிடம் காட்டாமல் மேலே கட்டக் கூடாது.

நிலத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. மூலப் பத்திரம், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பஞ்சமி நிலமா, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். பஞ்சமி நிலம் பட்டியல் சாதியினருக்காக ஒதுக்கியது. "எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள்" என்று தரகர் சொல்வதை நம்பிச் சபை அதை வாங்குவது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. பத்திரம் பதிவுபெற்ற சங்கம் அல்லது அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும். போதகரின் சொந்தப் பெயரில் வாங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் காலத்துக்குப் பிறகு அது அவருடைய வாரிசுகளின் சொத்து. வழிபாட்டுக் கட்டிடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. வீடு என்று வரைபட அனுமதி வாங்கி ஆராதனை நடத்தும் குறுக்குவழியில் போனால் பின்னால் ஒரு புகார் மனு போதும், பூட்டு விழும். அனுமதிக்கு ஆகும் மாதங்களையும் ஐந்தாண்டுக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: பங்குத்தந்தை மாறும்போதெல்லாம் எங்கள் பங்கின் திட்டமும் மாறுகிறது. முந்தையவர் அன்பியங்களை (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களை) வளர்த்தார், அடுத்தவர் கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) கட்டினார். பங்குப் பேரவை என்ன செய்ய முடியும்? (கிருஷ்ணகிரி)

பதில்: தர்மபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. கோவிலூர், எலத்தகிரி போன்ற பங்குகள் மறைமாவட்டத்தைவிட மிகப் பழையவை. அங்கெல்லாம் குருக்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள், இறைமக்கள்தான் தொடர்ந்தார்கள். திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும். 536-ஆம் பிரிவு சொல்லும் பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. ஆகவே "பேரவை முடிவு செய்துவிட்டது" என்று புதிய தந்தையிடம் போய் நிற்பதில் பயனில்லை.

எழுத்தில் இருப்பதற்குத்தான் வலிமை. இப்போதைய தந்தை இருக்கும்போதே இரண்டு பக்கக் கைமாற்றுக் குறிப்பு தயார் செய்து, அவரும் பேரவைச் செயலரும் கையெழுத்திட்டுக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். எத்தனை அன்பியம், எது உயிரோடு இருக்கிறது, எது பெயரளவில் இருக்கிறது, மறைக்கல்வி ஆசிரியர்கள் யார், எந்த வேலை பாதியில் நிற்கிறது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறது என்பவை அதில் வரட்டும். புதியவருக்கு முதல் மூன்று மாதம் எல்லா அன்பியங்களுக்கும் போய் வர நேரம் கொடுத்துவிட்டு அதன்பின் உட்கார்ந்து பேசுங்கள். கெபி, கொடிமரம், வளைவு போன்றவற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு ரசனை இருக்கும். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். அன்பியமும் மறைக்கல்வியும் நின்றுபோகாமல் இருந்தால் போதும். அவை தந்தையின் வருகையை மட்டுமே நம்பி நடந்தவை என்றால், அவர் மாறியதால் நின்றன என்று சொல்வதும் முழு உண்மையல்ல.

கேள்வி: எங்கள் போதகருக்கு 66 வயது. சபையை நிறுவியவர். அடுத்து அவர் மகன்தான் என்று ஒரு சாரார், கூடாது என்று இன்னொரு சாரார். அவரிடம் பேசவே பயமாக இருக்கிறது. (அரூர்)

பதில்: சாமுவேல் தன் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் (1 சாமுவேல் 8:1-3). மகன் என்பது தகுதி ஆகாது என்பதற்கு அது போதும். மகன் என்பதே குறை என்றும் சொல்ல முடியாது. சபைக்கு வெளியே வேறொரு போதகரின் கீழ் இரண்டு ஆண்டாவது ஊழியம் செய்தாரா, வேதக் கல்வி உண்டா, மூப்பர்கள் தனித்தனியாகக் கேட்டால் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். இதே அளவுகோலை வேறு எவருக்கும் வையுங்கள்.

ஆனால் உங்கள் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கலாம். நிறுவிய போதகர்கள் பலர் விலகாததற்குக் காரணம் பதவி ஆசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விலகினால் தங்க வீடில்லை, மாத வருமானமில்லை, மருத்துவச் செலவுக்கு வழியில்லை. அதனால் அவரிடம் வாரிசைப் பற்றிப் பேசும் முன் இந்த மூன்றுக்கும் கமிட்டி ஒரு தீர்மானம் கொண்டுபோகட்டும்: எந்த வீடு, மாதம் எவ்வளவு, எந்த மருத்துவக் காப்பீடு. கையில் மொத்தத் தொகை இருந்தால், 60 வயது தாண்டியவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அஞ்சலகத்தில் அவர் பெயரில் போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 40 வயதுக்கு உட்பட்ட உதவி ஊழியர்களை இப்போதே அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். வருமான வரி செலுத்துகிறவர்கள் மட்டும் அதில் சேர முடியாது. பெரிய தொகை இல்லைதான். இருபது ஆண்டு கழித்து இதே கேள்வி வராமல் இருக்க அது ஒரு தொடக்கம்.

கைமாற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வையுங்கள். மோசே உயிரோடிருக்கும்போதே, அவருக்கு அடுத்து வந்த யோசுவாவைக் குறித்து "உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு" (எண்ணாகமம் 27:20) என்று கட்டளை வந்தது. முதல் ஆண்டில் வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, சொத்து ஆவணங்களின் பட்டியல், சங்கப் பதிவு புதுப்பிப்பு. இரண்டாம் ஆண்டில் மாதம் இரண்டு ஞாயிறு பிரசங்கமும் திருவிருந்தும் புதியவர் நடத்தட்டும். மூன்றாம் ஆண்டில் கமிட்டிக் கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கட்டும், மூத்தவர் கூட இருக்கட்டும். அதன்பின் மூத்தவர் ஆறு மாதமாவது வேறு சபைகளுக்குச் செய்தி கொடுக்கப் போய்வருவது இருவருக்கும் நல்லது. இல்லையென்றால் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் விசுவாசிகள் பழைய வாசலிலேயே போய் நிற்பார்கள்.

கேள்வி: திட்டம் போடுவதே அவிசுவாசம், ஜெபித்தால் போதும் என்கிறார் எங்கள் மூப்பர். (பென்னாகரம்)

பதில்: நெகேமியா கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் வரை, சுமார் நான்கு மாதம், உபவாசித்து ஜெபித்தார். ராஜா கேட்டவுடன் எத்தனை நாள் ஆகும் என்று தவணை சொன்னார், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார், மரத்துக்குக் கடிதம் கேட்டார் (2:6-8). ஜெபித்தவரின் கையில்தான் பட்டியலும் இருந்தது. உங்கள் மூப்பரையே 90 நாள் வேலைகளுக்கான ஜெபக்குழுவுக்குப் பொறுப்பாக வையுங்கள். பட்டியல் அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: நாங்கள் 14 குடும்பம். மலைக் கிராமம். போதகர் மாதம் இரண்டு முறைதான் வருவார். எங்களுக்கும் தரிசனத் தாள் வேண்டுமா? (அஞ்செட்டி)

பதில்: தாள் வேண்டாம். போதகர் வராத இரண்டு ஞாயிறுகளில் ஆராதனை நடத்த இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் மிக நல்லது. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க ஒருவர். பெயர்களைச் சுவரில் எழுதிப் போடுங்கள். போதகர் வரும் நாளில் அவர் பிரசங்கம் மட்டும் செய்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடாமல், ஆராதனைக்கு முன் ஒரு மணி நேரம் அந்த மூவரோடு உட்கார்ந்து அடுத்த இரண்டு வாரத்துப் பகுதிகளைப் படித்துக் கொடுக்கட்டும். பேருந்து நேரம் ஒத்துவரவில்லை என்றால் அவரை முந்தைய நாள் மாலையே வரவழைத்து யாராவது ஒரு வீட்டில் தங்க வையுங்கள்.